சித்தப்பா படத்துக்குப் போட்ட மாலை

காலை ஒன்பதரை மணிக்குத் திருச்சி விமான நிலையத்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பெட்டி, தோளில் தூரிகைகளும் வண்ணக் குழாய்களும் திணித்த பை. ஈப்போவில் பிறந்து, கோலாலம்பூரில் ஓவியம் படிக்கும் எனக்கு இந்தியா வெளிநாடுதான். ஒரு பருவம் முழுக்கக் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் படிக்க வேண்டும், சாக்கோட்டையில் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போகும் பஸ் சாலையிலேயே கிடைத்தது. தொண்ணூறு கிலோமீட்டருக்கு எண்பத்தைந்து ரூபாய் டிக்கெட். ரிங்கிட்டில் கணக்குப் போட்டுப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. கண்டக்டர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எந்த ஊரும்மா?”

“மலேசியா.”

“தமிழ் நல்லாப் பேசுறியே!”

“எங்க வீட்ல வேற என்ன பேசுவாங்க?” என்றேன். பக்கத்து சீட்டு அம்மாள் சிரித்துவிட்டு ஒரு கொய்யாப்பழத்தை நீட்டினார். திருமயம் கோட்டை ஜன்னலில் வந்துபோகும் வரைக்கும் அந்தப் பழம்தான் எனக்குத் துணை.

காரைக்குடியில் என்னை அழைத்துப்போக வந்தவர் செல்வராஜ். சாக்கோட்டையில் கொஞ்சம் வயல், காரைக்குடியில் டிராக்டர் சாமான் கடை. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ‘அங்கிள், ஆன்ட்டி’. வீட்டு வாசலில் அதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் மனைவி வள்ளிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அதென்ன ஆண்ட்டி? சித்தின்னு கூப்பிடு தாயி. எங்க மக தேனு உனக்கு அக்கா. அப்ப நான் யாரு?”

அன்றிலிருந்து வள்ளி சித்தி, செல்வராஜ் சித்தப்பா, தேனு அக்கா. ஒரு மதியத்தில் எனக்கு மூன்று சொந்தம் முளைத்துவிட்டது. தேனு அக்காவுக்கு நிச்சயமாகியிருந்தது. நான் ஊர் திரும்பிய அடுத்த வாரம் கல்யாணம்.

அந்த வீட்டில் எல்லாம் நிறைவாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. வள்ளி சித்திக்கு ஒரே தம்பி, பாண்டி. அமராவதிபுதூரில் இருக்கிறார். சாக்கோட்டையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ஆறு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. அவர் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, வேலை மும்முரத்தில், அக்கா வீட்டுக்கு நேரில் வராமல் பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டாராம். வெற்றிலை பாக்கு வைத்து, வாசலில் நின்று அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது என்று சித்தப்பா போகவில்லை. சித்தியையும் விடவில்லை. முன்னால் நிற்கவேண்டிய அக்கா புருஷனே வரவில்லையே என்று பாண்டி மாமாவுக்குக் கோபம். அத்தோடு முடிந்தது.

இப்போது கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்து வந்து பெண்ணுக்குப் போட வேண்டும். சித்தப்பாவோ, “அவன் வரட்டும், பிறகு அழைக்கிறேன்” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சேதி, “அவுக வந்து அழைக்கட்டும், பிறகு வர்றேன்.” சித்தி பத்திரிகைக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்துத் தனியாக வைப்பார். பிறகு திரும்பக் கட்டுக்குள்ளேயே செருகிவிடுவார். “மாமன் இல்லாம எம் மகளுக்கு எவன்டி மாலை போடுவான்?” என்று ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அழுதார். வெங்காயத்தின் மேல் பழி போட்டார்.

எனக்கோ பருவ முடிவில் ஒரு முகச் சித்திரம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. சித்தப்பாவைக் கேட்டேன். மனிதர் பூரித்துப்போனார். மறுநாளே எண்ணெய் வைத்துத் தலை வாரி, வெள்ளைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பார்வை நேராக, முதுகு விறைப்பாக.

“கொஞ்சம் சிரிங்க சித்தப்பா.”

“சிரிச்சா பல்லு தெரியும். பாக்குறவுக மதிக்க மாட்டாக. நீ போடு.”

மூன்று வாரம் கெஞ்சினேன். மனிதர் அசையவே இல்லை. முகம் அச்சாக வந்தது. வாத்தியார் பாராட்டினார், மதிப்பெண்ணும் கிடைத்தது. படத்தை வீட்டுக்கே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று காரைக்குடியில் சாமி படங்களுக்கெல்லாம் சட்டம் போடும் ஒரு கடையில் கொடுத்தேன். தேக்குச் சட்டம், ஆயிரத்து நானூறு ரூபாய். “வீட்டு ஹால்ல மாட்டப் போறோம், கொஞ்சம் நல்லாப் பண்ணிக் குடுங்கண்ணே” என்றேன். கடைக்காரர் படத்தைப் பார்த்து மிகவும் இளகிய குரலில், “மனசைத் தேத்திக்கம்மா, பிரமாதமாப் பண்ணிரலாம்” என்றார். இந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு அன்பு என்று நெகிழ்ந்துபோய் வந்துவிட்டேன். என்னத்தைச் சொல்ல!

புதன்கிழமை, சாயங்காலம் நான்கு மணி இருக்கும். சித்தி அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா கொல்லையில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் பைக் நின்றது. ஓர் ஆளும் பெண்ணும் இறங்கினார்கள். அந்தப் பெண் கேட்டைத் தாண்டும்போதே, “எங்கண்ணே, இப்புடி விட்டுட்டுப் போயிட்டீகளே!” என்று குரலெடுத்து அழுதார். அந்த ஆள் நேராக உள்ளே வந்து, “அக்கா! ஒரு வார்த்தை சொல்லிவிடலையே அக்கா! நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று சுவரில் சாய்ந்துவிட்டார்.

கரண்டியோடு ஓடிவந்த சித்திக்கு, ஆறு வருஷம் கழித்துத் தம்பியைக் கண்டதே பெரிய அதிர்ச்சி. தம்பி அழுவதைப் பார்த்ததும் பிறந்த வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, அவரும் ஓவென்று அழத் தொடங்கிவிட்டார். யார் போனது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தேனு அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்து முழித்தோம்.

“யாரு அங்குட்டு? என்ன சத்தம்?” என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சித்தப்பா வந்தார்.

அழுகை பட்டென்று நின்றது. அடுப்பில் பஜ்ஜி கருகும் வாசனை வந்தது.

“மச்சான்…” என்றார் பாண்டி மாமா. “இருக்கீகளா?”

“இருக்கேனே. ஏன், இருக்கக் கூடாதா?”

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. “படக்கடை வாசல்ல மாலை போட்டு மாட்டியிருக்கு மச்சான். செவப்பு லைட்டு வேற எரியுது. பாத்ததும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. சாவுக்குக்கூட நம்மள வேணாம்னுட்டாகளேன்னு…” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எங்கள் ஈப்போ வீட்டிலும் தாத்தா படத்துக்கு மாலையும் விளக்கும் உண்டுதான். வெள்ளைச் சட்டை, நேர்ப்பார்வை, அவ்வளவு பெரிய சட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று படக்கடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓவியம் ஓவியம் என்று திரிந்த எனக்குத்தான் உறைக்கவில்லை.

சித்தப்பா என்னை முறைத்தார். “என்ன மாலை மாப்ள?”

“சந்தன மாலை.”

“ம். பரவால்ல, நல்ல மாலைதான்” என்றார். அவ்வளவுதான், சித்திதான் முதலில் வெடித்துச் சிரித்தது. ஐந்து நிமிஷம் வீடே சிரித்தது.

சிரித்து ஓய்ந்ததும் சித்தி புருஷனைப் பார்த்து, “வந்துட்டான்ல? இன்னும் என்னத்தப் பாக்குறீக?” என்றார். சித்தப்பா சாமி அறைக்குள் போய்த் தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். பாண்டி மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இங்க வச்சு வாங்க மாட்டேன் மச்சான்.”

“டேய்!” என்று கத்தினார் சித்தி.

“அக்கா, நான் வந்தது துக்கம் கேக்க. துக்கத்துக்கு வந்த எடத்துல கல்யாணப் பத்திரிகை வாங்கலாமா? நம்ம தேனு நல்லா இருக்க வேணாமா? வீட்டுக்கு வந்து அழைங்க.”

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சித்தப்பா ஆறு வருஷமாக மிதிக்க மாட்டேன் என்ற வாசல் அது. தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. போச்சு என்று நினைத்தேன். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தபடி நின்றார்.

கதவு திறந்தது. சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். “நீ முன்னாடி போ மாப்ள. நாங்க பின்னாடி வாரோம்.”

“அப்பா, அந்தச் சட்டை மட்டும் வேணாம்!” என்று அலறினாள் தேனு அக்கா. நீலச் சட்டைக்கு மாறினார்.

காரைக்குடியில் தேங்காய், பழம், பூ வாங்கினோம். அப்படியே படக்கடையில் இறங்கினார் சித்தப்பா. தன் படத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று நன்றாகப் பார்த்தார். கடைக்காரர் இவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், எழுந்து நின்றார். “அந்த லைட்ட அணைங்கப்பா, கரண்டு வீணாகுது” என்று சொல்லிவிட்டு சித்தப்பா வண்டியில் ஏறிக்கொண்டார்.

அமராவதிபுதூரில் பாண்டி மாமா குளித்து, சட்டை மாற்றி, மனைவியோடு வாசலில் காத்திருந்தார். சற்று முன்னால்தான் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுத மனிதர், எங்களை அன்றைக்கு முதன்முதலாகப் பார்ப்பவர் போலக் கைகூப்பினார்.

“வாங்க மச்சான், வாங்கக்கா. நல்லா இருக்கீகளா?”

“இருக்கேன் மாப்ள” என்றார் சித்தப்பா.

தம்பி கட்டிய வீட்டை அன்றைக்குத்தான் சித்தி பார்க்கிறார். அறை அறையாகப் போய்ச் சுவர்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் காப்பி குடித்து முடிக்கும்வரை திரும்பி வரவில்லை.

நான் புறப்பட்ட அன்று என்னைத் திருச்சிக்குக் கொண்டுபோய் விடுவது யார் என்பதில் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் தகராறு. மறுபடி பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்தே போனேன். கடைசியில் இரண்டு பேருமே வந்தார்கள். வழி நெடுக ஒருவர் ஓட்டுவதை மற்றவர் குறை சொன்னார்.

கல்யாணப் படங்கள் ஈப்போவுக்கு வந்தன. தேனு அக்கா கழுத்தில் மாமன் போட்ட மாலை. பக்கத்தில் சித்தி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அந்தப் படங்களை இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். எங்கள் சொந்தத்தில் யாரும் யாரோடும் கோபித்துக்கொண்டதே இல்லை. பெரியப்பா தைப்பிங்கில் இருக்கிறார், காரில் ஒரு மணி நேரம். அவர் வரவில்லை என்று நாங்களோ, நாங்கள் போகவில்லை என்று அவரோ ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம், “பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டு வரலாமாப்பா?” என்று கேட்டேன்.

அப்பா செய்தித்தாளை இறக்கி, நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

“ஏன்ம்மா, யாருக்கு என்ன ஆச்சு?”