இரண்டு முறை எடை போட்ட வலை

தீவில் குப்பை பொறுக்க வருகிறவர்களெல்லாம் கடல்மேல் உள்ள அக்கறையில்தான் வருகிறார்கள் என்று வாத்தியார் நினைத்திருந்தார். நான் போனது வலைக்காக. இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

எங்களுக்குக் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஓடையை ஒட்டி இரண்டு ஏக்கர் கரிசல் புஞ்சை. முந்தின வருஷம் மக்காச்சோளம் பால்பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் ஓடை வழியாக ஏறி வந்து, மூன்றே நாளில் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டன. மிதிபட்ட தட்டையை மாடுகூடத் தின்னவில்லை. இந்த வருஷமும் போனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகவேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிப் பார்த்தோம். பன்றி சேலைக்கு இரண்டு நாள்தான் பயந்தது. மீன் வலை கட்டினால் அண்டாது என்று பலர் சொன்னார்கள். கடற்கரையில் எனக்கு யாரையும் தெரியாது. தெரியாதவர்களிடம் ஒன்று கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்காக உட்கார்ந்திருந்த நாட்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் டீக்கடையில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அவரும் நண்பர்களும் வனத்துறை அனுமதி வாங்கி, வேம்பார் பக்கம் ஆளில்லாத தீவு ஒன்றுக்குப் போய், கரையில் ஒதுங்கிய குப்பையை அள்ளி வருவார்கள்.

"அண்ணாச்சி, ஒரு ஆள் குறையுது. வாரீங்களா?" என்றார் வாத்தியார்.

"அங்கன என்ன சார் கெடக்கும்?"

"என்ன கெடக்காதுன்னு கேளுங்க. பாட்டில், செருப்பு, வலை. வலை மட்டும் வண்டி வண்டியா கெடக்கும்."

"சரி" என்றேன்.

"கம்மாயில முங்கவே பயப்படுத ஆளு, கடலுக்குப் போறாராம்லா" என்றார் டீ ஆற்றுகிறவர். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

படகில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது, யாரும் குடியில்லாத ஓர் இடத்தில் ஓர் ஊரே செத்துக் கிடந்ததுபோல் இருந்தது. ஒற்றைச் செருப்புகள். குளுக்கோஸ் பாட்டில்கள், டியூப்லைட்டுகள், படிக்கத் தெரியாத எழுத்தில் பேர் போட்ட டப்பாக்கள். மணலைக் கையால் அள்ளினால் பாதி தெர்மகோல் உருண்டைகள். அள்ளி முடித்த இடத்தில் அலை வந்து புதிதாக இரண்டு பாட்டிலை வைத்துவிட்டுப் போனது. கூட வந்த பிள்ளைகள் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு அள்ளினார்கள். பத்து மணிக்கு மேல் யாரும் பாடவில்லை.

மதியத்துக்குப் பிறகு தீவின் மறுபக்கம் தனியாகப் போனேன். செத்த பவளப்பாறையில் மாட்டி, பாதி தண்ணீரில் கிடந்தது ஒரு வலை. பச்சை நிறம், கெட்டி நூல், கிழிசலே இல்லை. என் ஓடைக்கரை நீளத்துக்கு அப்படியே போதும் என்று கண்ணாலேயே அளந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உள்ளே ஆமை இருப்பதைப் பார்த்தேன்.

உயிர் இருந்தது. கழுத்திலும் ஒரு பக்கத் துடுப்பிலும் நூல் இறங்கி, உள்ளே வெள்ளையாகச் சதை தெரிந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. என் சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடி வந்தார்கள்.

"அறுங்க அண்ணாச்சி, அறுங்க!" என்று கத்தினார் வாத்தியார். ஊரிலிருந்து நான் கொண்டுபோன பண்ணரிவாள் என் கையில் இருந்தது.

நான் அறுக்கவில்லை. வலையின் கண்களை ஒவ்வொன்றாக நெகிழ்த்திக் கழற்றினேன். கழுத்தில் இறங்கியிருந்த இரண்டு நூலை மட்டும், வேறு வழியில்லாமல், நறுக்கினேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. பார்த்தவர்களுக்கு, ஆமைமேல் வெட்டுப் படக் கூடாதென்று பதமாகச் செய்கிறேன் என்று தோன்றியிருக்கும். நாலு பேர் சேர்ந்து தூக்கித் தண்ணீரில் விட்டோம். அது நீந்தவில்லை. அலை அதைத் திருப்பித் திருப்பிக் கரைக்கே கொண்டுவந்து போட்டது. ஒரு பெண் பிள்ளை அழ ஆரம்பித்ததும் வாத்தியார் எல்லோரையும் அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது வேனில் அவர் சொன்னார்: "அண்ணாச்சி கையப் பாத்தீங்களா? பூக்கட்டுத கை மாதிரி. நாமன்னா அருவாளப் போட்டு இழுத்திருப்போம்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேன் ஏறுவதற்கு முன்பே வலை என் சாக்குக்குள் வந்துவிட்டது. அது வந்தது இப்படி. வேம்பார் கரையில் குப்பையைப் பிரித்து எடை போட்டார்கள். வனத்துறைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். பழைய பிளாஸ்டிக் எடுக்க வந்தவர் வலையை மட்டும் தொடவில்லை. மண்ணும் சிப்பியும் ஒட்டியிருக்கிறது, மெஷினின் பல் போய்விடும் என்றார். நான் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். எங்களை ஏற்றிப் போன படகுக்காரர்தான் கவனித்தார்.

"என்ன அண்ணாச்சி, வலையவே பாத்துக்கிட்டு நிக்குதீங்க? வேணுமா?"

தலையை ஆட்டினேன்.

"அள்ளிட்டுப் போங்க. எங்க கரையில பாரம் குறையும்."

ஐப்பசியில் நல்ல மழை. ஓடைப்பக்கம் முழுக்க உடைமரக் கம்புகள் நட்டு, வலையை இழுத்துக் கட்டினேன். பன்றிகள் இரண்டு தடவை முட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் புஞ்சைக்குப் போய்விட்டன. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. வீட்டில் தீப்பெட்டி ஆபீஸ் பேச்சு நின்றது. ஆனால் விடிந்ததும் வலையோரம் போனால் ஏதாவது தொங்கும். சாரைப்பாம்பு, கீரி, ஒருநாள் ஒரு மயில். மற்றவர்கள் வருவதற்குள் எடுத்துப் புதைத்துவிடுவேன்.

ஓடையில் ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் உண்டு. வாய் ஓயாத ஆள். என்னைக் கண்டால், "ஏ தம்பி, இன்னைக்காவது நாலு வார்த்த பேசுவியா, இல்ல ஆட்டுக்கிட்டயே பேசிக்கிடட்டுமா?" என்பார். மார்கழியில் ஒரு மதியம், மேலக்கோடியில் களை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தியது கேட்டது. ஓடினேன். சினை ஆடு ஒன்று சோளத்தட்டைக்காக வலையில் தலையை நுழைத்து, இழுக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி முறுக்கியிருந்தது. இந்தத் தடவை நான் கண்களை நெகிழ்த்தவில்லை. பண்ணரிவாளை நூலுக்குள் கொடுத்து ஒரே இழுப்பில் அறுத்தேன். ஆடு என் கால்மேல் விழுந்தது. கழுத்து நிற்கவில்லை.

அக்கா ஆட்டின் வயிற்றில் கையை வைத்தார்.

"உள்ள குட்டி துடிக்கி, தம்பி."

கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "நின்னுட்டு" என்றார்.

ஆட்டுக்கு ஈடு கொடுக்கிறேன் என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். இந்தச் சனியன அவுத்துப் போட்டுரு. அது போதும்."

"சரிக்கா" என்றேன்.

கதிர் முற்ற இன்னும் இருபது நாள் இருந்தது. அன்று சாயங்காலமே மஞ்சள் நைலான் கயிறு கொண்டுவந்து, அறுத்த இடத்தை முடிச்சுப் போட்டு மூடினேன். முடிச்சு நெருக்கமாக விழுந்தது. என் கை பூக்கட்டுகிற கைதான்.

அக்கா மறுநாள் வந்து பார்த்தார். ஆடுகளை ஓடைக்கு அந்தப் பக்கம் ஓட்டிப்போனார். இப்போதும் அந்தப் பக்கம்தான் மேய்க்கிறார். என்னைக் கண்டால் ஆடுகளிடம்கூடப் பேசுவதில்லை.

தையில் கதிர் ஒடித்தோம். நல்ல வெள்ளாமை.

வலையை அவிழ்த்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு முனையில் தீ வைத்துப் பார்த்தேன். கருப்பாக உருகிச் சொட்டியது. நாற்றத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. புதைக்கலாமென்றால், சித்திரையில் கரிசல் வெடிக்கும்போது எல்லாம் வெளியே தெரியும், உழும்போது கலப்பைக் கொழுவில் மாட்டி வரும். எட்டு மாதம் வீட்டுப் பின்புறம் கிடந்தது.

அடுத்த புரட்டாசியில் வாத்தியார் கூப்பிட்டதும் சரி என்றேன். வலையை இரண்டு சாக்கில் திணித்து, குப்பை அள்ளச் சாக்கு கொண்டுவருகிறேன் என்று வேனில் போட்டேன். தீவுக்கு எடுத்துப்போகவில்லை. சாயங்காலம் கரையில் எல்லோரும் குப்பையை இறக்கிக்கொண்டிருந்தபோது, என் சாக்குகளையும் வலைக் குவியலில் கவிழ்த்தேன். வனத்துறைக்காரர் எடை பார்த்து நோட்டில் எழுதினார். கடலிலிருந்து அப்புறப்படுத்தியது என்ற கணக்கில் அந்த வலை இரண்டாம் முறையும் ஏறியது.

படகுக்காரர் குனிந்து, ஒரு முடிச்சிலிருந்து மண்கட்டியைப் பெயர்த்து விரலில் நசுக்கினார்.

"இதென்ன அண்ணாச்சி, கடலுக்குள்ளயும் கரிசக்காடு மொளச்சிட்டோ?"

என் முகத்தைப் பார்த்தார். பிறகு படகைக் கழுவப் போய்விட்டார்.

குவியலுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார். அந்த வருஷம் புதிதாக எங்களோடு வந்த, விளாத்திகுளம் பக்கம் புஞ்சை வைத்திருக்கும் சம்சாரி. காலையிலிருந்து யாரிடமும் அதிகம் பேசாதவர். வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னிக்கு இது தாங்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எடுக்காதீங்க. மயிலு, கீரி எல்லாம் மாட்டிச் சாவும். ஒரு செனையாடு செத்துட்டு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் நான்தான் கட்டியிருந்தேன்."

அவர் வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெள்ளாமை வந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"வந்துச்சு" என்றேன்.

அவர் குனிந்து வலையின் ஒரு நுனியைப் பிடித்துக் கையில் சுருட்டத் தொடங்கினார். நான் மஞ்சள் கயிற்றால் முடிச்சுப் போட்ட இடம் வந்தது. அதை இழுத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது. மேலும் சுருட்டினார்.