பஸ்ஸில் வந்த கோபம்

கோபம் உடம்புக்குக் கெடுதல் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது அதிகம் வந்ததில்லை. அதனால் நல்லதா கெட்டதா என்று யோசிக்க வேண்டியும் வரவில்லை. கடையில் பழைய பாண் ரொட்டியைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வருகிறவன் நான்.

போன வருடம் என் மனைவி தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது வழுக்கி விழுந்து கால் எலும்பை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த அன்று பலாங்கொடை ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்து பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் லயத்து வீடுகள் இருக்கும் மேல் டிவிசன்வரை போகும் என்று பஸ்ஸின் பலகையில் எழுதியிருக்கும். ஆனால் ஆள் குறைந்தால் கீழே தேயிலை பெக்டரியடியிலேயே திருப்பிவிடுவார்கள். நாங்களும் இறங்கி மலை ஏறுவோம். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. அன்று அவளால் ஏற முடியாது. காலை அழுத்தி ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெக்டரியடி வந்ததும் கொண்டக்டர், “பஹின்ன, பஹின்ன” என்று எல்லோரையும் இறங்கச் சொல்லித் தகரத்தைத் தட்டினான். அவள் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க, மெதுவா நடந்து போயிரலாம்” என்றாள்.

அதைக் கேட்டதும் நானும் எழுந்து நின்றேன். சிங்களத்தில் கத்தினேன்.

“எறங்க மாட்டோம் மாத்தியா! பலகையில என்ன எழுதியிருக்கு மாத்தியா? இந்தக் காலோட இவ எப்புடி ஏறுவா? ஒங்களுக்குக் கண்ணு இல்லீங்களா மாத்தியா?”

அவனுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. தோட்டத்துத் துரைமாரிடம் பேசிப் பழகிய வாய், கோபத்திலும் ‘மாத்தியா’ என்கிற மரியாதையை விடவில்லை. பின் சீட்டில் இருந்த பக்கத்து லயத்துப் பெண்ணால் அடக்க முடியவில்லை.

“அண்ணே, அவன திட்டுறீங்களா, கும்புடுறீங்களா?”

பஸ் முழுக்கச் சிரித்தது. கொண்டக்டரும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றேன். சிரித்தவர்களும் இறங்கவில்லை. ட்ரைவர் கண்ணாடியில் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கியரைப் போட்டு மேலே ஏற்றினார்.

லயத்துக்குப் பக்கத்தில் இறங்கியதும் மனைவி என் முகத்தையே பார்த்தாள்.

“இவ்வளவு கோவத்த இத்தன வருசமா எங்க வச்சிருந்தீங்க?”

“எனக்கே தெரியாது.”

“மிச்சம் ஏதும் இருக்கா?”

அன்று எனக்கு நல்ல பசி. தேங்காய் ரொட்டி வழக்கத்தைவிடக் கூடுதலாக இறங்கியது. கெடுதல் ஒன்றையும் காணோம்.

மறுநாள் பஸ் பழையபடி பெக்டரியடியிலேயே திரும்பிவிட்டது. நடந்து வந்த பக்கத்து லயத்துப் பெண் நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள்.

“அண்ணே, நீங்க வந்தாத்தான் பஸ் மேல வருது. நாளைக்கும் வாங்க.”

“கோவம் கூப்பிட்டா வராது தங்கச்சி.”

“வராட்டி போகுது. நீங்க சும்மா எந்திரிச்சு நில்லுங்க, மத்தத நாங்க பாத்துக்குறோம்.”

மனைவியின் அடுத்த கிளினிக் முடிந்து வரும்போது, பெக்டரியடியில் எழுந்து நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் கொண்டக்டரிடம் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் மேலே போய்ச் சேரும்வரை எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை.