மூன்று மஞ்சள் புள்ளிகள்

"இன்னொரு தடவை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படத்தைப் பின்னுக்கு ஓட்டுகிறாள். மடிக்கணினித் திரையில் ஒரு மனிதர் பதினேழாவது முறையாகக் காலைத் தூக்குகிறார். பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. ஒரு நொடியை இருநூற்று நாற்பது படங்களாக நறுக்கி, ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பார்க்கும் பொறுமை இவளுக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தால் அந்தத் தெருவையே திட்டித் தீர்ப்பவள்.

என் எதிர்வீட்டுக்காரி. பகலில் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறாள். சாயங்காலமானால் பேஸ்பால் கிளப்பில் பந்து வீசுபவர்களைப் படம் பிடித்து, யாருக்கு எங்கே கோணல் என்று சொல்கிறாள். ஆட்டக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்லோமோஷன்.

கிரிக்கெட்டைப் போல ஓடிவந்து வீச இந்த ஆட்டத்தில் வழியில்லை. மண்மேட்டில் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி, முன்னால் ஊன்றி, உடம்பைச் சுழற்றி வீச வேண்டும். மற்றவர்கள் கையைப் பார்ப்பார்கள். இவள் பார்ப்பது முன்கால் தரையைத் தொடுகிற அந்த ஒரே படத்தை. "கையை விடுங்க, காலைக் காட்டுங்க" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வாள். வீட்டிலும் இதே கதைதான். புருஷன் அழுக்குச் சட்டையைச் சுருட்டிக் கூடைக்குள் எறிந்தால், "தோள் முந்துது, இடுப்பு தூங்குது" என்பாள். அந்த மனிதர் இப்போதெல்லாம் கூடை வரைக்கும் நடந்துபோய்ப் போட்டுவிட்டு வருகிறார்.

அப்படிப்பட்டவள் இந்த வருஷம் கையைப் பார்த்து ஏமாந்தாள். மாட்டிக்கொண்டவர் ரொட்டி வண்டி ஓட்டுகிற இடதுகைக்காரர். வயது முப்பத்தைந்து. எல்லாருக்கும் ரொட்டி அண்ணன். இவளுக்கு வெறும் அண்ணன். போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் ஒப்பிட்டவள், அவர் கை நான்கு விரல் அளவு இறங்கிவிட்டது என்று கண்டுபிடித்தாள். கையைத் தூக்கி வீசச் சொன்னாள். அவரும் தட்டாமல் தூக்கினார். ஆறு வாரத்தில் தோள் வலித்தது, பந்து கண்ட பக்கம் போனது, கோச் அவரை முதல் அணியிலிருந்து எடுத்துவிட்டார்.

பிறகு ஒரு சாயங்காலம் மற்றவர்களின் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எல்லாருடைய கையும் அதே நான்கு விரல் இறங்கியிருந்தது. ஊரோடு ஒரே நாளில் கை இறங்குமா? அப்புறம்தான் மைதானத்தின் கோடியில் நிற்கும் விளக்குக் கம்பம் அவள் கண்ணில் பட்டது. போன வருஷப் படத்தில் அது அண்ணனின் தொப்பிக்கு நேர் பின்னால் இருந்தது. இந்த வருஷம் ஒரு தோள் தள்ளி நின்றது. "கம்பம் நடக்காதுல்ல" என்றாள் என்னிடம். முகம் வெளுத்திருந்தது. புதிதாக ஒரு பெஞ்சு போட்டிருந்ததால் கேமராவை இரண்டடி நகர்த்தி வைத்திருக்கிறாள். கோணம் மாறியதில் கை இறங்கியதாகத் தெரிந்திருக்கிறது. கடைக்காரர்களிடம் "கேமராவை விரல் நுனியாலும் தொடாதீங்க" என்று மிரட்டுகிறவள் செய்த காரியம் இது.

மறுநாள் காலையில் ரொட்டி வண்டி நிற்கும் இடத்துக்கே மடிக்கணினியோடு போனாள். நானும் கூடப் போனேன். இரண்டு படங்களையும் போட்டுக் கம்பத்தைக் காட்டினாள். அவர் ரொட்டித் தட்டைக் கீழே வைக்காமலே பார்த்தார்.

"அப்ப ஆறு வாரமா நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தங்கச்சி?"

"நான் சொன்னதைப் பண்ணிட்டிருந்தீங்கண்ணே. தப்பு என்னோடது. நானே சரி பண்றேன்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தட்டை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே கோச்சிடம் போனாள். தன் தப்பை ஆட்டக்காரர்கள் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு, அண்ணனுக்கு ஒரு வாய்ப்புக் கேட்டாள். கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு சுற்று, அதுவும் சரிப்படாவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்றார் கோச். பதினெட்டு நாள் இருந்தது.

அன்றைக்கே பெஞ்சை நகர்த்தவைத்து, பழைய இடத்தைக் கம்பத்தை வைத்தே கண்டுபிடித்து, கேமரா முக்காலியின் மூன்று கால்களுக்கும் தரையில் மஞ்சள் பெயிண்டால் மூன்று புள்ளிகள் வைத்தாள். இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்தார். தினமும் நாற்பது பந்து. கை என்ற சொல்லையே அவள் எடுக்கவில்லை. போன வருஷத்து அவரையே அவருக்குப் போட்டுக் காட்டி, "உங்களைப் பாத்து நீங்களே காப்பி அடிங்கண்ணே" என்றாள். பத்தாம் நாள் வரைக்கும் ஒரு முன்னேற்றமும் இல்லை. பழகிய உடம்பு சுலபத்தில் மறக்குமா? அவள் விடவில்லை, அவரையும் விடவிடவில்லை. பன்னிரண்டாம் நாள் முன்கால் சரியான இடத்தில் விழுந்தது. கை தானாகப் பின்னால் வந்தது.

சனிக்கிழமை ஆட்டம். அண்ணன் மேட்டில் ஏறினார். மூன்று பேரை வெளியேற்ற வேண்டும். முதல் ஆளுக்கு வீசிய நான்கு பந்தும் வெளியே போக, ஆட்ட விதிப்படி அவன் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்தான். கோச் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். இவள் நகம் கடிக்கவில்லை, சாமி கும்பிடவில்லை. கேமராத் திரையில் அந்த முன்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவன் தூக்கி அடித்துப் பிடிபட்டான். அதற்கடுத்தவனும் அப்படியே. கடைசி ஆள் இரண்டு தடவை தவறவிட்டிருந்தான், மூன்றாவதும் தவறினால் வெளியே. மட்டையைச் சுழற்றினான். பந்து அதற்குமுன் பிடிப்பவர் கையுறைக்குள் போய் அறைந்தது.

கூட்டம் எழுந்து கத்தியது. நானும்தான் கத்தினேன். அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கம் தேடினார். இவளைக் காணவில்லை. தரையில் மண்டியிட்டு, முக்காலியின் ஒவ்வொரு காலும் மஞ்சள் புள்ளியில்தான் நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது காலையும் தொட்ட பிறகுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.