கவரில் வந்த துத்தி இலை

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கியதும், தினமும் என்னோடு ரயிலில் வருகிற ஒருவர் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே பச்சை இலைகள். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

"துத்தி இலை சார். வெளக்கெண்ணெய்ல வதக்கி, சூடு ஆறினதும் துணியில வெச்சுக் கட்டுங்க. மூலத்துக்கு நல்லது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த விஷயம் டாக்டரைத் தவிர என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். "உங்களுக்கு யார் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல சார். சீட்டு காலியா இருந்தாலும் நின்னுகினேதான வர்றீங்க? நானும் அப்படி நின்னவன்தான்."

நான் நம்பவில்லை. நாளைக்கே ஏதாவது லேகியம் விற்க வருவார் என்று நினைத்தேன். சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டேன்: "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இதை எல்லாம் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?" என்று முறைத்தாள்.

இலையை முதலில் கையில் தேய்த்து, அரிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாணலியில் போட்டேன்.

கட்டக் கட்ட எரிச்சல் தணிந்தது. இலையாலா, டாக்டர் தந்த மாத்திரையாலா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான். அவர் எந்த லேகியமும் விற்க வரவில்லை. இலை தீர்ந்ததும் பிளாட்பாரத்தில் அவரைத் தேடிப் போய் நின்றவன் நான்தான்.