ஒத்திலியா டீச்சரின் ஒயர் பிடுங்கும் பரீட்சை

சும்மா சொல்லக் கூடாது, ஒத்திலியா டீச்சர் பொல்லாதவள்தான். சிலி நாட்டில், சாந்தியாகோ நகரத்து ஓரம், கிலிக்குராவில் சாயங்கால வகுப்பு எடுக்கிறாள். கிளவுட் கம்ப்யூட்டிங் அறிமுகப் பாடம். முதல் நாளே போட்டு உடைத்துவிடுவாள்.

“மேகமாவது மண்ணாங்கட்டியாவது. ஊருக்கு வெளியில ஜன்னலே இல்லாம பெரிய பெரிய கட்டடம் நிக்குதே, அதுக்குள்ள அடுக்கி வச்ச கம்ப்யூட்டருங்கதான் எல்லாம். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு வேலை பார்க்கணும். அதைத்தான் இங்க படிக்கப் போறீங்க.”

கடைசிப் பரீட்சையில் எழுத ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு குழுவும் ஒரு வெப்சைட் நடத்த வேண்டும். டீச்சர் மேசைக்குப் பின்னால் கையை விட்டு ஏதாவது ஒரு ஒயரைப் பிடுங்குவாள். வெப்சைட் நின்றால் ஃபெயில். காலில் விழுந்தாலும் மசியமாட்டாள்.

இந்த முறை அந்தப் பரீட்சை வாரத்தில்தான் மகள் ஃபபியோலாவுக்குத் தலைப்பிரசவம், தெற்குக் கோடியில், புந்தா அரேனாசில். போக வேண்டுமென்று ஒத்திலியாவின் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் இந்தப் பாடத்துக்கு வேறு ஆளே கிடையாது.

“விடும்மா, நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் மகள் போனில், கோபமே இல்லாமல். அதுதான் சுருக்கென்று தைத்தது. பள்ளிக்கூட விழாவுக்கும் காய்ச்சலுக்கும் ‘கிளாஸ் இருக்கு’ என்றே கேட்டு வளர்ந்த பெண்.

அன்று வகுப்பில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள். பகலில் லிஃப்ட் ரிப்பேர் செய்யும் மாணவன் விளாதிமிர் இடைவேளையில் கேட்டுவிட்டான், வாய் நிறையப் பரங்கிக்காய் வடையோடு.

“எல்லாத்துக்கும் ரெண்டு வேணும்ங்கிறீங்க டீச்சர். நீங்க படுத்தா யாரு?”

“நான் என்ன மெஷினா? வாயை மூடிக்கிட்டுத் தின்னு.”

சொல்லிவிட்டாளே தவிர, முகம் சிவந்துபோயிற்று. நான் இல்லாவிட்டால் நடக்காது என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம். அந்த நினைப்பே இப்போது கசந்தது.

அவளுடைய திங்கட்கிழமை வகுப்பும் வியாழக்கிழமை வகுப்பும் எலியும் பூனையும் மாதிரி. அவர்களிடமே பரீட்சையை ஒப்படைத்தாள்.

“அவங்க ஒயரை நீங்க பிடுங்குங்க, உங்க ஒயரை அவங்க பிடுங்கட்டும். நீங்க போடற மார்க்தான் மார்க்.” விமானம் ஏறிவிட்டாள்.

பேரன் பிறந்தான், நல்ல கொழுகொழுவென்று. அவனை ஏந்திக்கொண்டும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரீட்சை நாள் முடிந்ததும் விளாதிமிரைக் கூப்பிட்டாள்.

“எல்லாம் ஜோரா நடந்துச்சு டீச்சர். எங்க குழுதான் அவுட். ரெண்டு கம்ப்யூட்டர் ஒயரையும் ஒரே பிளக் போர்டுல சொருகி வச்சிருந்தோம். பாவிப் பசங்க, மேசைக்கு அடியில படுத்துப் பார்த்து அந்த போர்டையே பிடுங்கிட்டாங்க. நீங்கன்னா தப்பிச்சிருப்போம், உங்களுக்குத்தான் குனிய முடியாதே.”

“கொழுப்புடா உனக்கு. மறுபரீட்சை யாரு வைக்கிறது?”

“தேதியெல்லாம் அவங்களே போட்டாச்சு. நீங்க எப்ப வருவீங்கன்னு யாருமே கேக்கலை.”

போனை வைத்தபோது ஒத்திலியாவுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அப்புறம் சிரிப்பு வந்தது.

“ஃபபியோலா, என் டிக்கெட்டைத் தள்ளிப் போடு. மாசக் கடைசிக்கு.”

“கிளாஸ்?”

“அது கிடக்கு.”

ஃபபியோலா போனை எடுத்து டிக்கெட் தேதியை மாற்றினாள். பிறகு அம்மா தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.