ஆல்வினாவின் பிளம் ரிட்ஜ் செய்திகள்

ஆல்வினா ராடமேக்கருக்கு மூக்கு கொஞ்சம் நீளம். அது முகத்தில் மட்டும் இருந்த நீளமில்லை. பக்கத்துப் பண்ணை வாசலில் ஒரு வண்டி நின்றால் அது யாருடையது, எதற்கு வந்தது, திரும்பும்போது முட்டையோடு போகிறதா வெறுங்கையோடு போகிறதா என்று தெரியாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வேறு ஊரில் பிறந்திருந்தால் வம்புக்காரி என்று பெயர் வாங்கியிருப்பாள். அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் சோளக்காட்டுக்கு நடுவே பிளம் ரிட்ஜ் என்ற மேட்டில் பிறந்ததால் அவளுக்குப் பத்திரிகைக்காரி என்று பெயர்.

டவுனில் வாராவாரம் அச்சாகும் 'கூரியர்' பத்திரிகைக்கு மேட்டுப் பண்ணைகளின் செய்தியை எழுதி அனுப்புவது அவள் வேலை. அதிலே பெரிதாக என்ன இருக்கும்? ஓப்பல் ஷிண்ட்லர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தார்கள், பொரித்த கோழி பரிமாறப்பட்டது. யாரோ ஒருவரின் பசு இரட்டைக் கன்று போட்டது. இன்னொருவர் பல் பிடுங்கிக்கொண்டு நலமாக இருக்கிறார். மேட்டில் எல்லோரும் பத்திரிகையைப் பிரித்ததும் உலகச் செய்தியைத் தள்ளிவிட்டு இதைத்தான் தேடுவார்கள்.

"பேரைப் போடு, ஆல்வினா," என்பார் கூரியரின் ஆசிரியர் ஆரின் டட்டில். "ஜனங்க பேப்பர் வாங்குறதே தன் பேரு வந்திருக்கான்னு பாக்கத்தான். பசுவுக்குப் பேரு இருந்தா அதையும் போடு."

போடக் கூடாத பெயர் ஒன்றே ஒன்று. செய்தி எழுதுகிறவளின் பெயர். அது பத்திரிகை வழக்கம். ஊரில் பசு வரைக்கும் அச்சில் வந்தாயிற்று, ஆல்வினா மட்டும் வரவில்லை.

அவளுக்கு ஆசை இல்லாமலா? நூலகத்தில் எடுக்கிற ஒவ்வொரு நாவலிலும் முதலில் பின்னட்டையைத்தான் படிப்பாள். எழுதியவர் கதை அங்கே பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஏதோ ஒரு நாளிதழில் நிருபராகச் சேர்ந்தார், தீ விபத்தும் கோர்ட்டு வழக்கும் எழுதினார், அப்புறம் புத்தகம் எழுதினார். எழுத்தாளர் ஆவதற்கு இந்த நாட்டில் வாசற்படி எது என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. ஓமஹா நகரத்து நாளிதழ் ஒன்றுக்கு அவ்வப்போது எதையாவது எழுதி அனுப்புவாள். அனுப்பியது போன வேகத்தில் திரும்பி வரும்.

வங்கிகள் கடனுக்காகப் பண்ணைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பஞ்ச காலத்தில்தான் ஹாகன் பண்ணை ஏலத்துக்கு வந்தது. ஏலத்தை நடத்த ஷெரிப்பும் ஒரு வங்கிக் குமாஸ்தாவும் வந்தார்கள், பார்க்க மேடே திரண்டது. குதிரை ஒரு சென்ட், கலப்பை ஒரு சென்ட் என்று கேட்டார்கள். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் வாங்கியவர்கள் வாங்கியதை ஹாகனிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள்தான். ஆனால் கொட்டகை உத்தரத்தில் ஒரு கயிறு தொங்கியது, அதன் நுனியில் சுருக்கு இருந்தது. அண்ணாந்து பார்த்த வியாபாரிகளுக்கு அன்று தொண்டை கட்டிக்கொண்டது.

ஆல்வினாவும் போயிருந்தாள், கையில் தானே சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தோடு. அவள் ஏலம் கேட்கவில்லை, வேடிக்கைதான் பார்த்தாள். கயிற்றைக் கட்டியது எந்த ஆம்பளை என்று ஆளாளுக்கு ஊகம் சொன்னார்கள். ஆல்வினா மட்டும் ஊகிக்கவில்லை. அதற்கு முந்தின நாள் திங்கட்கிழமை. மேட்டில் எல்லா வீட்டிலும் துணி துவைக்கிற நாள். விதவை ஹுல்டா பிராண்ட் வீட்டுத் துணி மட்டும், கொடிக்கயிறே இல்லாமல், முள்கம்பி வேலி மேல் காய்ந்துகொண்டிருந்ததை அவள் மூக்கு சும்மா விடுமா? அறுபது வயதுக் கிழவி, அதே வங்கிக்குக் கடன்பட்டவள், கொட்டகை உத்தரத்தில் எப்படித்தான் ஏறினாளோ!

நடந்ததை ஆல்வினா சூட்டோடு சூடாக எழுதி, பெயர் எதுவும் இல்லாமல் ஓமஹாவுக்கு அனுப்பினாள். இந்த முறை அது திரும்பி வரவில்லை. தொலைபேசி வந்தது.

மேட்டில் எல்லாப் பண்ணைக்கும் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பி. யாருக்கு மணி அடித்தாலும் எல்லார் வீட்டிலும் அடிக்கும். ஆல்வினாவுக்கு என்றால் இரண்டு நீள மணி, ஒரு குட்டை மணி. மற்றவர்கள் எடுக்கக் கூடாது என்பது நாகரிகம், எடுப்பது பழக்கம். ஒவ்வொரு வீடாக எடுக்க எடுக்கப் பேசுகிறவர் குரல் தேய்ந்துகொண்டே போகும்.

"மிஸஸ் ராடமேக்கர், நான் ஹோல்ப்ரூக், ஓமஹா பேப்பர்லேருந்து பேசறேன். பிரமாதமா எழுதியிருக்கீங்க!"

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, சார்."

"பிரமாதம்னு சொன்னேன்! ஆனா பேரு இல்லையே? அந்தக் கயித்தைக் கட்டினது யாரு? அதைப் போட்டு எழுதுங்க. முதல் பக்கத்துல, மேல உங்க பேரோட வரும். இங்க ஒரு நிருபர் மேஜையும் காலியா இருக்கு. கேக்குதா?"

நன்றாகக் கேட்டது. கூடவே யார் வீட்டிலோ கோழி கொக்கரிப்பதும், ஒரு குழந்தை சிணுங்குவதும் கேட்டன. அவர் வைத்த பிறகு ஒவ்வொரு வீடாக வைக்கிற சத்தம் வந்தது. ஆல்வினா எண்ணிப் பார்த்தாள். அநேகமாக மேடு முழுக்க.

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடையில் வழிவிட்டு நின்றார்கள். ஓப்பல் ஒரு ஜாடி ஊறுகாய் கொடுத்துவிட்டு, "வானம் மூடிக்கிட்டு இருக்குல்ல?" என்று மட்டும் சொல்லிப் போனாள். ஆல்வினாவுக்கு ஆத்திரமாக வந்தது. நான் கேட்டால்தான் இவர்கள் சொல்வார்கள், பேரைப் போடாதே என்று இவர்களாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்னவாம்?

அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து எழுதினாள். வேலி மேல் காய்ந்த துணியில் தொடங்கி, ஹுல்டா பிராண்ட் என்ற பெயரில் முடித்தாள். கணவன் எம்மெட்டுக்குப் படித்துக் காட்டினாள். அவன் பூட்ஸைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கு. நீ எழுதினதுலயே இதுதான் ஒசத்தி."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு, ஆல்வினா. அதான் பயமா இருக்கு. படிச்சா யாருக்கும் மறக்காது, வங்கிக்காரனுக்கும் சேர்த்துத்தான்."

"நகரத்துல எனக்கொரு மேஜை காத்துக்கிட்டிருக்கு, எம்மெட்."

"நான் வேணாம்னு சொல்லலியே," என்று அவன் பால் கறக்கப் போனான்.

காலையில் உறையை ரோட்டோரத் தபால் பெட்டியில் வைத்து, தபால்காரன் எடுத்துப்போக அடையாளமான சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டாள். வீட்டுக்குள் வந்து கை கழுவுவதற்குள் தொலைபேசி அடித்தது. ஒரு நீளம், மூன்று குட்டை. ஹுல்டாவுக்கு. எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"கொடியத் தூக்கிட்டா," என்றது ஓப்பலின் குரல். "உறை தடிமன். பெட்டி மூடி மூடக்கூட இல்ல."

"சரி, போகட்டும்," என்றாள் ஹுல்டா.

"என்ன போகட்டும்? யாரு பேரு போட்டிருக்காளோ! யாரு ஜெயிலுக்குப் போகணுமோ!"

"யாரு பேரா இருந்தா என்ன, ஓப்பல். என் புருஷன் செத்தப்போ அவ நாலே வரி எழுதினா. அதை இன்னும் பைபிளுக்குள்ள வச்சிருக்கேன். என் பையன் பட்டாளத்துக்குப் போனதைப் போட்டா, திரும்பி வந்ததைப் போட்டா. நம்ம பேரையெல்லாம் இத்தனை வருஷம் போட்டவ, அவ பேரு ஒரு தடவ வந்து பாத்திருக்கியா? அவளுக்கும் ஆசை இருக்கும்ல? வந்துட்டுப் போகட்டும்."

ஒட்டுக்கேட்பவர் பேசக் கூடாது. மேட்டில் எந்தச் சட்டத்தை மீறினாலும் அதை யாரும் மீறியதில்லை.

"ஹுல்டா," என்றாள் ஆல்வினா. "போனை வை. தபால்காரன் வர்ற நேரம். நான் ஓடணும்."

தபால்காரனின் வண்டி கிழக்கு வளைவில் தூசி கிளப்பிக்கொண்டு வந்தபோது, இடுப்பில் கட்டிய சமையல் ஏப்ரனோடு ஓடிப்போய்க் கொடியை இறக்கினாள். அவனுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினாள். உறை அன்று மாலையே அடுப்புக்குள் போயிற்று. அதற்காக அவள் அழுதாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தியாகம் செய்கிறவர்கள் சிரித்துக்கொண்டே செய்வதாக எழுதுகிறவர்கள் எதையும் கொளுத்திப் பார்த்ததில்லை.

அந்த வாரக் கூரியர் வந்ததும், கண்ணாடியைத் தொலைத்துவிட்ட ஓப்பலுக்காக ஹுல்டா தொலைபேசியில் பிளம் ரிட்ஜ் செய்திகளைப் படித்தாள். மேடே எடுத்துக் கேட்டது.

"'செவ்வாயன்று ஹாகன் பண்ணையில் அக்கம்பக்கத்தார் கூடினர். ஆப்பிள் பை பரிமாறப்பட்டது. ஷெரிப் இரண்டு துண்டு சாப்பிட்டார்.'"

"மூணு!" என்று கம்பியில் ஓர் ஆண் குரல் வந்தது. யாரென்று தெரியவில்லை.

"'வந்திருந்தவர்கள்…'" என்று ஹுல்டா தொடர்ந்தாள். மேட்டில் ஒரு பெயர் விடவில்லை. வங்கிக் குமாஸ்தா பெயர்கூட இருந்தது. அவனும் பை சாப்பிட்டிருந்தான். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெயரை எந்த வக்கீல் உருவி எடுக்க முடியும்? கடைசி வரிக்கு வந்தபோது ஹுல்டாவின் குரல் நிதானமாயிற்று.

"'காணவில்லை: துணி காயப்போடும் கயிறு ஒன்று. செவ்வாயன்று ஹாகன் கொட்டகையில் கடைசியாகக் காணப்பட்டது. கண்டவர்கள் அதன் சொந்தக்காரியான என்னிடம் சேர்க்கவும். இப்படிக்கு, ஆல்வினா ராடமேக்கர்.'"

ஆல்வினா அந்தப் பத்திரிகைக்கு அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வருஷம் எழுதினாள். அவள் பெயர் வந்தது அந்த ஒரு தடவைதான். அவள் எழுதிய பொய்யும் அந்த ஒன்றுதான்.

"ஆல்வினா," என்றாள் ஹுல்டா. "இருக்கியா?"

"இருக்கேன்."

"உன் கயிறு கெடைச்சிருச்சு. நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்."

"நீயே வச்சுக்க, ஹுல்டா," என்றாள் ஆல்வினா. "உன் துணி இன்னும் வேலி மேலதான் கெடக்கு."