சுளுக்கு எடுப்பவரின் கை நின்ற நொடி

என் வலியை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், அல்லாஹ்விடம் மட்டும் சொல்லவில்லையே! இந்த எண்ணம் தோன்றியபோது, தச்சநல்லூரில் சுளுக்கு எடுக்கும் ஓர் அண்ணாச்சியின் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். தைலம் தடவிய அவருடைய ஒரு கை என் தாடையில், மறு கை பிடரியில். ஒரே திருப்புதான் பாக்கி.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் சேரன்மகாதேவி சாலையில் பைக்கிலிருந்து விழுந்தேன். பெரிய காயம் இல்லை, எழுந்து வந்துவிட்டேன். பிறகு கழுத்து வலித்தது. தொழுகையில் குனிந்தால் முதுகு வழியாக மின்சாரம் பாய்ந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறவன் நான். விரல்கள் தப்புத் தப்பாகத் தட்டின. எங்கள் பக்கம் கழுத்து வலி என்றால் சுளுக்குத்தான். படித்த நானும் அப்படியே நம்பினேன். இரண்டு இடத்தில் தடவியும் கேட்கவில்லை. இந்த வயதில் கை போய்விடுமோ என்று தனியே அழுதிருக்கிறேன்.

முக்காலியில் கண்ணை மூடி மனத்துக்குள் கேட்டேன்: ‘யா அல்லாஹ், இது எனக்கு நல்லதில்லை என்றால் இந்தக் கையை நிறுத்து.’

கை நின்றது.

“ஏலே, சட்டையப் போடு பாப்பம்” என்றார் அண்ணாச்சி, என் விரல்களைப் பார்த்துக்கொண்டே.

பொத்தானோடு மல்லுக்கட்டினேன். போட முடியவில்லை.

“எத்தன நாளா இப்படி?”

“கொஞ்ச நாளாத்தான் அண்ணாச்சி. ஒரு திருப்பு திருப்புங்க, சரியாயிரும்.”

“திருப்புனா நீ போயிருவலே! எங்கிட்ட தைலம்தான் இருக்கு, எக்ஸ்ரே இல்ல. பைய எந்திரி. தலைய ஆட்டாம ஆஸ்பத்திரிக்குப் போ.”

ஆட்டோவையும் அவரே பிடித்தார். “பள்ளத்துல விட்ட, ஒனக்கு நான் சுளுக்கு எடுத்துருவேன்” என்று டிரைவரை மிரட்டி அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால், கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளும் பிடிப்பு விட்டு ஆடிக்கொண்டிருந்தன. நரம்புத் தண்டு நசுங்கிக்கொண்டிருந்தது. அன்று திருப்பியிருந்தால் மூச்சே நின்றிருக்கலாம் என்றார் டாக்டர். ஸ்குரூ போட்டு, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதிலும் கை கால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. எனக்குப் பயமே இல்லை என்றால் பொய். ஆனால் கேட்டவுடன் ஒரு கையை நிறுத்தியவன், டாக்டரின் கையை நடத்த மாட்டானா?

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் உம்மா என் விரல்களைப் பிடித்தார்கள். நான் இறுக்கினேன். “புள்ள கைய நெரிக்கான்!” உம்மா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பல வாரம் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்தே தொழுதேன். இப்போது பள்ளிவாசலில் வரிசையில் நிற்கிறேன். கழுத்து முழுதாகத் திரும்பாது. தொழுகை முடிவில் ஸலாம் சொல்லும்போது தோளோடு திரும்புகிறேன். “என்னலே, போலீஸ் பரேடா நடத்துத?” என்று பக்கத்து வீட்டுக் காக்கா (அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) கிண்டல் செய்கிறார். செய்யட்டும். முன்பெல்லாம் ஓட்டமாய்த் தொழுதுவிட்டு ஓடுவேன். இப்போது உட்கார்ந்து அல்லாஹ்விடம் கேட்கிறேன், சின்ன விஷயத்தைக்கூட.

நீங்களும் கேளுங்கள். பதில் யார் வாயிலிருந்து வரும் என்று நாம் முடிவு செய்ய வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போ என்று வந்தால், உடனே போங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்கு நான் பாங்கு சொல்லி எல்லாரையும் அழைக்கப் போகிறேன். இதுவரை சொன்னதே இல்லை. முகத்தை இரு பக்கமும் திருப்புகிற இடத்தில் முடிந்தவரை திருப்பினால் போதும் என்று தொழுகை நடத்தும் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். குரலுக்கு மைக் இருக்கிறது. தைரியம்தான் வேண்டும். அதையும் கேட்டு வைத்திருக்கிறேன்.